தேனீக்கள் செவிகொடுத்த நரம்பு

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். மாடுகளை மேய விட்டுவிட்டு, கொள்ளிக்கட்டையின் முனையால் துளை சுட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்ததும் அங்கேயே கிடைக்கும் குமிழ மரத்தின் உட்புழை உள்ள கொம்பை வளைத்து, மரல் என்ற செடியின் நாரை முறுக்கிக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து வாசிக்கிறான். அந்த ஒலியைத் தங்கள் இனத்தின் ஒலி என்று எண்ணித் தேனீக்கள் கேட்டு நிற்பதாகப் புலவர் சொல்கிறார். இதைக் கவிஞரின் நயம் என்று ரசித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் இதற்குள் ஓர் அளவீடு இருக்கிறது. தேனீயின் சிறகு வினாடிக்கு 200 முறைக்கு மேல் அடிக்கிறது. அதன் ரீங்காரத்தின் சுருதி அதுவே. தேனீ தன் உணர்கொம்புகளால், மிக அருகில் எழும் காற்றசைவை 500 ஹெர்ட்ஸ் வரை உணர்கிறது. ஆக, இடையன் கட்டிய நரம்பு எந்த உயரத்தில் ஒலித்தது என்பதற்குப் புலவர் காதால் எழுதிய ஒரு குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார். நாற்பது சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நார்க்கயிறு ஒன்று வினாடிக்கு 230 முறை அதிர வேண்டுமானால் அதை ஏறக்குறைய 3.2 கிலோ எடையின் விசையோடு இழுத்துக் கட்ட வேண்டும். ஓர் ஆள் கையால் இழுத்து முடிச்சுப் போடக்கூடிய விசைதான் அது. பாட்டும் கணக்கும் பொருந்துகின்றன.

அந்த இடையன் நின்ற நிலம் தொண்டை நாடு. இன்றைய தாம்பரமும் பல்லாவரமும் வண்டலூரும் அதே நாட்டின் நிலம்தான். அவன் கைக்கு எட்டிய குமிழும் மரலும் இந்தக் கடற்கரைச் சமவெளியின் புதர்க்காடுகளுக்கு உரிய இனங்கள். நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காடு, கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் தப்பி நிற்கும் புதர்க்காடு ஆகியவை அந்தப் பழைய நிலத்தோற்றத்தின் மிச்சங்கள். யாழை மீட்க வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். கருவி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். அந்த முயற்சியில் ஒரு வரிசை தவறுவதாக எனக்குப் படுகிறது. யாழின் உருவத்திலிருந்து தொடங்குகிறோம். தொடங்க வேண்டிய இடம் நரம்பு. நரம்பு எதனால் ஆனது, எவ்வளவு இழுவையைத் தாங்கும், எந்தச் சுருதியில் நிற்கும் என்பவைதான் கருவியின் அளவையும் வளைவையும் ஒலியையும் தீர்மானிக்கின்றன. உருவம் அதன் விளைவு.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பட்ட பாடு சாட்சி. அங்கே கேலிக் மொழி பேசிய மக்களின் ஹார்ப், ஸ்காட்லாந்தில் கிளார்சக் எனப்படுவது, பல நூற்றாண்டுகள் அரசவைக் கருவியாக இருந்தது. ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்த பத்தல் என்னும் ஒலிப்பெட்டி, முன்புறம் தாங்கும் தூண், பித்தளைக் கம்பிகள், அவற்றை மீட்ட நீட்டி வளர்த்த விரல் நகங்கள் என்று அதன் இயல்பு தனியானது. அரசவைகள் அழிந்தபின் வாசிப்பவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள், பலர் பார்வையற்றவர்கள். 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் மிஞ்சியிருந்தவர்களைக் கூட்டி ஒரு விழா நடத்தினார்கள். வந்த அயர்லாந்துக் கலைஞர்கள் பத்துப் பேர். அவர்கள் வாசித்ததை எழுதி வைக்க எட்வர்ட் பன்டிங் என்ற 19 வயது இளைஞர் அமர்த்தப்பட்டார். தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவர் மட்டுமே பழைய முறைப்படி நகத்தால் கம்பியை மீட்டினார். பன்டிங் குறித்து வைத்தது பெரிய கொடை. ஆனால் 1796-இல் அச்சிட்டபோது அந்த இசையைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். அடுத்த தலைமுறையில் டப்ளினில் ஜான் ஈகன் என்ற கருவியாளர் விலங்குக் குடல் நரம்பு கட்டிய சிறிய ஹார்ப்களைச் செய்தார். பச்சை வண்ணம், பொன் இலைச் சித்திரம், பழம்பெருமை எல்லாம் அவற்றில் இருந்தன. பித்தளையின் நீண்ட மணியோசை இல்லை. நகமும் போயிற்று. நாட்டின் நாணயத்திலும் கடவுச்சீட்டிலும் ஹார்ப் இடம்பெற்ற பிறகும், அந்தச் சின்னம் குறிக்கும் ஒலியைக் கேட்டவர்கள் அரிதாகவே இருந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சிலர் பாதையைத் திருப்பினார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் எடின்பரோ அருங்காட்சியகத்திலும் இருக்கும் இடைக்கால ஹார்ப்களை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அதே மரத்தில் அதே வடிவில் குடைந்து பார்த்தார்கள். பித்தளைக் கம்பியைக் கட்டி, நகம் வளர்த்து, பன்டிங்கின் அச்சு நூலை ஒதுக்கிவிட்டு அவருடைய கையெழுத்துக் குறிப்புகளுக்குப் போனார்கள். 2002-இல் அயர்லாந்தில் வரலாற்று ஹார்ப்புக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. கம்பி கட்டிய பிறகுதான் புதிர்கள் அவிழ்ந்தன. பித்தளைக் கம்பி நீண்ட நேரம் ஒலிக்கும். அடுத்த சுரத்தை வாசிக்கும்போது முந்தைய சுரம் இன்னும் அடங்கியிருக்காது. எதை ஒலிக்க விடுவது, எதை விரலால் அணைப்பது என்பதே அந்த இசையின் இலக்கணத்தில் பாதி. குடல் நரம்பில் வாசித்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வி யாருக்கும் எழவே இல்லை. பொருளை மாற்றியதும் கேள்வியும் மறைந்துவிட்டது.

நமக்கு அவர்களைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அளந்து பார்க்க ஒரு பழைய யாழ்கூட இல்லை. பன்டிங்கைப் போல் வாசிப்பைக் கேட்டு எழுதியவரும் இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத சில செல்வங்கள் நம்மிடம் உண்டு. முதலாவது சொல். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியபோது, ஒரு கருவியின் பகுதி பகுதியான வருணனை நமக்குத் திரும்பக் கிடைத்தது. பத்துப்பாட்டில் உள்ள பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது: மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடு உயர்ந்து இருபுறம் சரிந்த பத்தல், அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோல், வளைக்குள் இருக்கும் நண்டின் கண்போல் துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகள், எட்டாம் நாள் நிலவைப்போன்ற வறுவாய், தலைதூக்கிய பாம்புபோல் ஓங்கிய கரிய தண்டு, கரிய நிறத்துப் பெண்ணின் முன்கை வளையல்போல் அந்தத் தண்டைச் சுற்றிய திவவு, உமி நீங்கிய தினை அரிசிபோல் பிசிறில்லாத நரம்பு. எந்தத் தச்சரும் இதைக் கேட்டுக் கருவியின் முதல் மாதிரியைச் செய்துவிடலாம். இரண்டாவது செல்வம் சிற்பம். அமராவதியிலும் சாஞ்சியிலும் வில்வடிவ யாழை மடியில் வைத்திருப்போர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் அமராவதிக் கூடம் ஒரு மணி நேரத் தொலைவுதான். சமுத்திரகுப்தனின் பொற்காசில் அவன் மடியில் இருப்பதும் இதே வகை வில்யாழ். வீணை என்று பெயர் சொல்லிப் பழகிவிட்டோம்.

மூன்றாவது, இன்னும் உயிரோடு இருக்கும் உறவுகள். பர்மாவின் சாங் கவுக், மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பக்கத்துப் பர்தான் மக்கள் வாசிக்கும் பின்பாஜா, ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் மலைகளில் உள்ள வாஜி மூன்றும் தூண் இல்லாத வில்யாழ்கள். இவற்றில் சாங் கவுக் நமக்கு மிக நெருக்கம். அதன் தோல் போர்த்திய படகு வடிவப் பத்தலும், மேலெழும் வளைந்த தண்டும், அதைச் சுற்றிய கயிற்றுக் கட்டுகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பழைய முறையும் பொருநராற்றுப்படையின் உரையைப் படிப்பது போலவே இருக்கும். நான்காவது, எல்லாவற்றையும் கோத்துத் தந்த ஒரு நூல். மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகள், கணிதமும் இசையும் தமிழும் ஒருசேரக் கற்றவர். பல ஆண்டுகள் உழைத்து எழுதிய யாழ் நூலை 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். அந்த நூலுக்கு நாம் தந்த மரியாதையில் ஒரு குறை உண்டு. புகழ்ந்தோம், மேற்கோள் காட்டினோம். அவர் போட்ட கணக்குகளைக் கருவியில் கட்டிச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

சோதனை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இழுத்துக் கட்டிய நரம்பு எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் நரம்பின் எடை. நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இழுவிசையால் அதே ஸ்தாயியை ஏற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு இழுக்க வேண்டும். வீணைக்காரர் ஒரே தந்தியை மெட்டுகளில் அழுத்தி நீளத்தை மாற்றிக்கொள்கிறார். யாழில் அந்த வசதி இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். எனவே ஒவ்வொரு நரம்பின் நீளமும் இழுவையும் முன்கூட்டியே சரியாக இருந்தாக வேண்டும். இங்கேதான் பொருளின் இயல்பு தலையிடுகிறது. ஒரு குறிப்பிட்ட நீளத்தில் ஒரு நரம்பை அறும் வரை முறுக்கிக்கொண்டே போனால், அது எட்டும் கடைசிச் சுரம் அதன் தடிமனைப் பொறுத்ததில்லை. தடிமனான நரம்பு அதிக விசையைத் தாங்கும், ஆனால் எடையும் அதே அளவுக்குக் கூடும், இரண்டும் ஈடாகிவிடும். மிஞ்சுவது பொருளின் வலிமைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் மட்டுமே. மரல் நாருக்கு ஒரு விகிதம், குடலுக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று. அந்த ஓர் எண் தெரிந்தால், இன்ன சுரத்துக்கு நரம்பு அதிகபட்சம் இவ்வளவு நீளம்தான் இருக்க முடியும் என்று சொல்லிவிடலாம். அங்கிருந்து தண்டின் உயரம் வரும். தண்டிலிருந்து பத்தலின் அளவு வரும். சிற்பத்தைப் பார்த்து அளவெடுப்பதைவிட இது உறுதியான வழி. சிற்பி கல்லின் இடத்துக்கு ஏற்பக் கருவியைச் சுருக்கியிருப்பான். நரம்பு அப்படி விட்டுக்கொடுக்காது.

அடுத்த சிக்கல் தண்டு. அயர்லாந்து ஹார்ப்புக்கு முன்புறத் தூண் உண்டு, யாழுக்கு இல்லை. ஒரு நரம்புக்கு 3.2 கிலோ என்று வைத்தால் ஏழு நரம்புச் செங்கோட்டியாழின் தண்டு, 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்குச் சற்றுக் குறைவான விசையை எந்நேரமும் தாங்கி நிற்கிறது. இருபத்தொரு நரம்புப் பேரியாழில் இதே இழுவை இருந்தால் ஓர் ஆள் தொங்குவதற்குச் சமம். அத்தனையும் அதே இழுவையில் இருந்திருக்க முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. இன்னொன்று, ஒரு நரம்பை முறுக்கினால் தண்டு இம்மி உள்ளே வளையும். உடனே மற்ற நரம்புகள் தளரும். முதலில் சேர்த்த சுருதி இறங்கிப்போகும். திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். அதனால்தான் பழைய நூல்களில் யாழைப் பண்ணுதல் என்பது வாசிப்பதற்கு முந்தைய தனிக் கலையாகப் பேசப்படுகிறது. எவ்வளவு நுட்பமான கலை என்பதற்கும் கணக்கு உண்டு. சுருதி ஒரு சதவீதம் ஏற இழுவிசை இரண்டு சதவீதம் ஏற வேண்டும். நம் நரம்பில் அது 64 கிராம். ஒரு ஸ்தாயியை 22 அலகாகச் சமமாகப் பங்கிட்டால் ஓர் அலகு ஏற ஏறக்குறைய 200 கிராம் கூட்ட வேண்டும். தண்டைச் சுற்றிய வார்க்கட்டை, பிருடையும் திருகும் இல்லாமல், 200 கிராம் 200 கிராமாக நகர்த்தி, நழுவாமல் நிறுத்த முடியுமா? பழந்தமிழர் அலகுகளைக் கருவியில் கட்டினார்களா, ஏட்டில் மட்டும் வகுத்தார்களா என்ற நெடுங்கால வாதத்தை, தோல் வாரும் ஒரு துண்டு மரமும் தராசும் கொண்டு பெரிய அளவுக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

யாழின் சுருதி முறையும் அப்படியே சோதிக்கத் தக்கது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் இளி, குரலுக்கு ஒன்றரை மடங்கு அதிர்வெண் உடையது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் சரியாக இருந்தால் ஒலி ஒன்றிப்போகும். பிசகினால் இரண்டுக்கும் நடுவே ஒரு நடுக்கம் கேட்கும். எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே பிடிக்கக்கூடிய உறவு அது. இப்படி இளி இளியாக ஏறிச் சென்று எல்லாச் சுரங்களையும் அடைவதுதான் சிலப்பதிகாரத்தை ஒட்டி அறிஞர்கள் விளக்கும் வட்டப்பாலையின் உயிர். பன்னிரண்டு முறை ஏறினால் வட்டம் சரியாக மூடுவதில்லை, 1.36 சதவீதம் மிகுந்து நிற்கிறது. கேலிக் ஹார்ப்பிலும் இதே ஐந்தாம் சுர முறைதான். நடுவில் ஒரே சுரத்தில் சேர்த்த இரண்டு கம்பிகளைச் சகோதரிகள் என்று பெயரிட்டு, அங்கிருந்து சுருதி கூட்டத் தொடங்குவார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள் திறந்த நரம்புகளின் இயற்பியலால் ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனிப் பண்ணுப்பெயர்த்தல், அதாவது தொடக்கச் சுரத்தை மாற்றிப் புதிய பாலையை, புதிய சுர வரிசையை, பெறும் முறை. குரலைத் தொடக்கமாகக் கொண்டால் செம்பாலை, இன்றைய அரிகாம்போதி. நரம்புகளைத் தொடாமல் துத்தத்தைத் தொடக்கமாகக் கொண்டால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழையிலிருந்து தொடங்கினால் அரும்பாலை, சங்கராபரணம், இளியிலிருந்து கோடிப்பாலை, கரகரப்பிரியா, விளரியிலிருந்து தோடி, தாரத்திலிருந்து கல்யாணி. இப்போது நரம்பை எண்ணிப் பாருங்கள். ஏழாவது நரம்பில் தொடங்கும் பாலையும் மேல் ஸ்தாயிவரை நிறைவுபெற வேண்டுமானால் எட்டு நரம்பு வேண்டும்: ஏழு முதல் பதினான்கு வரை. ஏழு பாலைகளையும் சுருதி மாற்றாமல் முழுதாக வாசிக்கத் தேவையான மிகக் குறைந்த எண்ணிக்கை பதினான்கு. சகோடயாழுக்குச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் சொல்லும் நரம்பின் எண்ணிக்கையும் பதினான்கு. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கருவியின் வடிவமும் இசைக் கோட்பாடும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நரம்பிலிருந்து தொடங்கும் இந்த வழிக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு மரல் நாரைப் பற்றியது. காட்டில் இடையன் அவசரத்துக்குக் கட்டியதை வைத்துக்கொண்டு, அரசவையில் பாணன் வாசித்த யாழைப் பேசலாமா? நரம்பு என்ற சொல்லே விலங்கின் உடலிலிருந்து வந்ததுதானே? நியாயமான கேள்வி. அதே பெரும்பாணாற்றுப்படை, பாணனின் யாழ் நரம்பை வார்த்தெடுத்த பொன் போன்றது, முறுக்கு வெளியே தெரியாமல் அடங்கியது என்கிறது. பொன்னிறம் குடலுக்கும் பொருந்தும், பதப்படுத்தாத பட்டுக்கும் பொருந்தும். நன்கு தேய்த்த நாருக்கும் பொருந்தக் கூடும். நான் மரலை ஒரே விடையாக முன்வைக்கவில்லை. பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் நரம்புப் பொருள் அது. எனவே அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன். அந்தச் செடிக்கு வேறு சான்றுகளும் உண்டு. வடமொழியில் மூர்வை என்பது பெரும்பாலும் இதுவே என்று கொள்ளப்படுகிறது. வில்லின் நாணுக்கு மௌர்வி என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்திலும் இந்த இனத்துக்கு வில்நாண் நார் என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது. வில்லிலிருந்து யாழ் பிறந்தது என்று ஊகமாகச் சொல்லி வந்ததற்கு, வில்லுக்கும் யாழுக்கும் ஒரே செடி நாண் தந்தது என்பது கையில் பிடிக்கக்கூடிய சான்று. நாரையும் குடலையும் பட்டையும் ஒரே அளவுப் பத்தலில் கட்டி ஒப்பிட்டால் பொன் போன்றது எது, தினை போன்றது எது என்று கண்ணும் காதும் சொல்லும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. யாழ் காலத்தால் தோற்ற கருவி. கமகம் இல்லாத கருவி. வீணை வந்ததும் இயல்பாக ஒதுங்கியது. அதைத் தோண்டி எடுப்பதால் இசைக்கு என்ன லாபம் என்பது. பெரியபுராணம் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழையே உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர் நின்றுவிட்டது. இந்த நிகழ்ச்சியை யாழின் தோல்வியாக மட்டும் படிப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். தேவாரக் காலத்தில் குரலிசை எந்த இடத்தில் கருவியைத் தாண்டியது என்பதற்கான நுட்பமான பதிவு அது. அந்த எல்லை எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் யாழில் வாசித்துத்தான் பார்க்க வேண்டும். சாங் கவுக் வாசிப்பவர்கள் இடக்கைக் கட்டைவிரலால் நரம்பை அழுத்திச் சுருதியை ஏற்றுகிறார்கள்; ஆக வில்யாழில் அசைவு அறவே முடியாது என்பதும் உண்மையில்லை.  ஓதுவார்கள் இன்றும் பாடும் தேவாரப் பண்களுக்கு வழங்கும் ராகங்களில் எது பழமை, எது பிற்காலப் படிவு என்பது தீராத ஆராய்ச்சி. திறந்த நரம்பு பொய் சொல்லாத சாட்சி. அதில் கட்ட முடிகிற பண் எது, முடியாத பண் எது என்ற பட்டியல் ஒன்று கிடைத்தாலே தமிழிசை ஆய்வுக்கு அது பெரிய வரவு.

உண்மையான யாழ் ஒன்றுகூட இல்லாதபோது, செய்வதெல்லாம் கற்பனைதானே என்பது மூன்றாவது மறுப்பு. இதற்குப் பல்லாவரமே பதில் வைத்திருக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைப் பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலம் இருந்தது என்று உலகுக்கு முதலில் சொன்ன கைக்கோடரி அது. அதைச் செய்த மனிதர்கள் எந்தக் குறிப்பையும் விட்டுப் போகவில்லை. ஆனாலும் கற்கருவிகள் எப்படிச் செய்யப்பட்டன என்று இன்று நமக்கு நன்றாகத் தெரியும். எப்படி? ஆய்வாளர்கள் உட்கார்ந்து கல்லைக் கல்லால் தட்டினார்கள். எந்தக் கோணத்தில் அடித்தால் எப்படிச் சில்லு தெறிக்கிறது என்று பார்த்தார்கள். தெறித்த சில்லுகளைப் பழைய சில்லுகளோடு ஒப்பிட்டார்கள். பொருந்தாத முறையைத் தள்ளினார்கள். செய்து பார்த்துக் கற்கும் இந்தத் தொல்லியல், கற்பனையைக் கட்டுப்படுத்தும் வழி. யாழுக்கும் பொருநராற்றுப்படையின் ஒவ்வொரு உவமையும் ஒரு தேர்வு. செய்த நரம்பு தினை அரிசிபோல் இல்லையென்றால் முறுக்கியது தவறு. திவவு நழுவினால் கட்டியது தவறு. தேனீயின் ரீங்காரத்துக்கு எட்டும் முன்பே நார் அறுந்தால், ஒன்று நீளம் தவறு, அல்லது மரல் என்று நாம் நினைக்கும் செடியே தவறு. எது தவறு என்று தெரிய வாய்ப்புள்ள முயற்சிதான் அறிவியல்.

சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் ஏழு நரம்பு யாழைச் செய்து, அதைக் கொண்டு பாட்டும் வெளியிட்டபோது நாடெங்கும் செய்தியானது. இன்றைய மரமும் இன்றைய கருவிகளும் கொண்டு, இன்றைய மேடைக்கு ஏற்ற யாழ் செய்வது முற்றிலும் முறையான வேலை. அதனால்தான் இளைஞர்கள் அந்தக் கருவியைத் தொட ஆசைப்படுகிறார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஈகனின் ஹார்ப்கூட அயர்லாந்துக்குக் கேடு செய்யவில்லை. அதுவே பழைய ஹார்ப் என்று நம்பி நூற்றைம்பது ஆண்டு வேறு எதையும் தேடாமல் விட்டதுதான் கேடு. ஆகவே புதுயாழோடு கூடவே சோதனை யாழும் வேண்டும். அதைச் செய்பவர் நரம்பின் பொருள், தடிமன், நீளம், இழுவிசை, அறுந்த புள்ளி, பத்தலின் கொள்ளளவு, தோலின் தடிமன் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். தோற்ற மாதிரிகளின் கணக்கையும் சேர்த்து. வண்டலூரிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. நாரையும் நூலையும் இழுத்துச் சோதிக்கும் சிறு பொறி அங்கே புதிதில்லை; இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். மரல் நாரின் வலிமைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம், ஈரத்தில் அது மாறும் அளவு என்ற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க ஓர் அரையாண்டு போதும்.

ஈரம் என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. பித்தளைக்கு மழை ஒரு பொருட்டில்லை. மழை ஓயாத அயர்லாந்துக்கு அது ஏற்ற கம்பி. தாவர நார் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், எடை கூடும், முறுக்கு இறுகும் அல்லது நெகிழும். சித்திரையில் சேர்த்த சுருதி ஐப்பசியில் நிற்காது. தோலும் அப்படியே, அடைமழையில் அது தளர்ந்து ஒலி மங்கும். பாணர்கள் யாழை உறையிட்டுச் சுமந்ததற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. மெழுகு பூசினார்களா, எண்ணெய் தேய்த்தார்களா, தீயருகே காய்ச்சினார்களா என்பதையெல்லாம் இந்தக் கடற்கரைக் காற்றில் வைத்துத்தான் அறிய முடியும். குளிரூட்டிய அறையில் செய்த அளவீடு இதற்கு உதவாது.

செடிக்குத் திரும்புவோம். காப்புக்காட்டில் எதையும் பறிக்கச் சட்டம் இடம் தராது, தரவும் கூடாது. கல்குவாரிகள் தின்றது போக நன்மங்கலத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். மரல் அரிய செடியும் இல்லை. தரைக்கடியில் ஓடும் கிழங்கின் ஒரு துண்டு போதும், வீட்டுத் தொட்டியில் வளரும். நர்சரிகளில் பாம்புச் செடி என்று விற்கும் ஆப்பிரிக்கச் செடி இதன் நெருங்கிய உறவு. இரண்டையும் தாவரவியலார் இப்போது டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் உறவுக்காரச் செடி நிற்கிறது. நம் மரலுக்குத்தான் இடமில்லை. கல்லூரி வளாகங்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் ஒரு பாத்தி மரல் வைத்தால் இரண்டு ஆண்டில் நரம்புக்குப் போதிய மடல் கிடைக்கும். முற்றிய மடலைப் பலகைமேல் வைத்து மழுங்கிய கத்தியால் அடியிலிருந்து நுனிக்குச் சுரண்டினால் பச்சைச் சதை வழிந்து, வெள்ளை நார் வரிவரியாகத் தெரியும். அதை அலசி, நிழலில் உலர்த்தி, மூன்று புரியாகப் பிரித்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்க வேண்டும். ஒரு முனையை மரக்கொம்பில் கட்டி, மறுமுனையில் மூன்று கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு, நடுவில் விரலால் ஒருமுறை தெறித்தால், என்ன சுரம் என்று கைபேசிச் செயலியே எண்ணாகச் சொல்லிவிடும்.